கூட்டுப் பெயர்களில் அசையும் அழுத்தமும்: பாலக்காடு, இடுக்கி எல்லை ஊர்ப்பெயர்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

0. முன்னுரை

இரு சொற்கள் இணைந்து ஒரு பெயராகும்போது அவை ஒரு சொல்லாகிவிட்டன என்பதைக் கேட்பவர் எவ்வாறு உணர்கிறார் என்பது ஒலியியலாரை நெடுங்காலமாக ஈர்த்துவரும் வினா. ஆங்கிலத்தைக் கொண்டு மொழியியல் பயின்றோர் இதற்கு அழுத்தம் என்று விடை கூறுவர். பிரெஞ்சைக் கொண்டு பயின்றோர் அவ்வாறு கூற இயலாது. தமிழ் இலக்கண மரபு இவ்விரண்டிலும் சேராத வேறொரு விடையைத் தருகிறது. எனினும் தமிழ்த் தொகைச்சொற்களைப் பற்றிய அண்மைக்கால விளக்கங்களில் அவ்விடைக்கு உரிய இடம் தரப்படவில்லை.

இவ்வினாவை ஆராய்வதற்குக் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதி ஏற்ற களமாகும். இங்கு ஒரே ஊர்ப்பெயரைத் தமிழரும் மலையாளியரும் நாள்தோறும் வழங்குகின்றனர். அதே பெயர் உரோமன் எழுத்திலும் அலுவலக ஆவணங்களில் இடம்பெறுகிறது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீருமேடு வட்டங்களும் சித்தூர் வட்டமும் கேரளத்தில் அமைந்தன. பாலக்காடு மாவட்டம் 1957 சனவரி 1 அன்றும் இடுக்கி மாவட்டம் 1972 சனவரி 26 அன்றும் உருவாயின. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ள இடமளித்தது. ஆகவே ஊர்ப்பெயரைத் தமிழில் எவ்வாறு எழுதுவது என்பது இப்பகுதியில் வெறும் ஏட்டு வினாவன்று. மொழிபெயர்ப்பாளர் அன்றாடம் எதிர்கொள்ளும் வினாவாகும்.

இக்கட்டுரையில் அசை என்பது யாப்பிலக்கணத்தின் நேர், நிரை ஆகியவற்றைக் குறிக்காமல் ஓர் உயிரை மையமாகக் கொண்ட ஒலியலகையே குறிக்கும்.

1. பிரெஞ்சுக் கூட்டுப்பெயர்கள்

பிரெஞ்சில் அழுத்தம் சொல்லுக்கு உரியதன்று, சொற்றொகுதிக்கு உரியது. ஒரே மூச்சில் ஒலிக்கும் தொகுதியின் இறுதி அசையே எடுப்பாக ஒலிக்கும். உருளைக்கிழங்கைக் குறிக்கும் பிரெஞ்சுப் பெயர் 'நிலத்து ஆப்பிள்' என்னும் பொருள்பட மூன்று சொற்களால் ஆனது. அதன் அழுத்தம் நிலத்தைக் குறிக்கும் கடைச் சொல்லில் விழுகிறது. கூட்டுப்பெயரல்லாத வேறொரு தொடரிலும் அழுத்தம் கடைசியிலேயே விழும். எனவே ஒரு தொடர் கூட்டுப்பெயரா அன்றா என்பதை அழுத்தத்தைக் கொண்டு அங்கு முடிவுசெய்ய இயலாது.

அசைப்பிரிப்பும் சொல்லெல்லையைப் பொருட்படுத்துவதில்லை. வானவில்லைக் குறிக்கும் பிரெஞ்சுப் பெயர் 'ஆர்க்', 'ஆன்', 'சியெல்' என்னும் மூன்று சொற்களின் கூட்டு. ஆனால் ஒலிக்கும்போது 'ஆர்-கான்-சியெல்' எனப் பிரிகிறது. முதற்சொல்லின் இறுதி மெய் அடுத்த சொல்லின் உயிர்மேல் ஏறிவிடுகிறது. 'நல்ல மனிதன்' என்னும் பொருளிலிருந்து தோன்றிய 'பொனொம்' என்ற சொல்லிலும் முதற்சொல்லின் னகர மெய் இரண்டாம் அசையின் தலையில் அமர்கிறது. அச்சொல் பன்மையாகும்போது எழுத்தில் முதற்சொல்லும் தனியே பன்மை உருபு பெறுகிறது. ஒலிப்பில் சொல்லின் நடுவே ஓர் உரசொலி புதிதாகத் தோன்றுகிறது. அழுத்தம் காட்டாத உட்பிரிவை மெய்யொலி காட்டிக்கொடுக்கிறது என்பது இதனால் பெறப்படும்.

ஆங்கிலத்தில் நிலைமை வேறு. கருமையும் பறவையும் சேர்ந்து ஒரு பறவையினத்தின் பெயராகும்போது அழுத்தம் முதற்சொல்லுக்கு மாறுகிறது. 'கரிய பறவை' என்ற பொதுப்பொருளில் இரண்டாம் சொல்லே எடுப்பாக ஒலிக்கிறது. பல மொழிகளின் ஒலியமைப்பு விளக்கங்களில் இந்த ஆங்கில மாதிரியே முதல் வினாவாக வைக்கப்படுகிறது. தமிழுக்கும் அவ்வாறே வைக்கப்பட்டது.

2. தமிழ் மரபின் விடை

தொகைச்சொல்லின் இயல்பைத் தமிழ் இலக்கணிகள் புணர்ச்சியில் கண்டனர். வேற்றுமைத்தொகையில் உயிரீற்றின் முன் வரும் வல்லினம் பெரும்பாலும் மிகும், உம்மைத்தொகையில் மிகாது. மலைப்பாதை, ஓலைக்கூரை என்பன முன்னதற்கும் செடிகொடி, இரவுபகல் என்பன பின்னதற்கும் எடுத்துக்காட்டுகள். உறவு மாறும்போது மெய்யின் அளவும் மாறுகிறது.

ஓசை பற்றிய கருத்தும் மரபில் உண்டு. எழுத்து ஒன்றாக இருந்து பொருள் வேறாகும் புணர்ச்சியில் இசை வேறுபாட்டால் பொருள் விளங்கும் என்பது தொல்காப்பியப் புணரியலின் கருத்து. உரையாசிரியர்கள் காட்டும் 'செம்பொன்பதின்றொடி' செம்பு ஒன்பது தொடி எனவும், செம்பொன் பத்துத் தொடி எனவும் பிரியும். இரு பொருளிலும் அசைகள் செம்-பொன்-ப-தின்-றொ-டி என ஒன்றாகவே உள்ளன. முதற்பொருளில் சொல்லெல்லை 'பொன்' என்னும் அசையின் உள்ளே, பகரத்துக்கும் ஒகரத்துக்கும் இடையில் விழுகிறது. பிரெஞ்சு வானவில்லின் 'கான்' என்னும் அசையும் இவ்வாறு எல்லையைத் தன்னுள் கொண்டதே.

ஈண்டு கருதத்தக்கது மரபு வகுத்த வரிசைமுறை. எழுத்து வேறுபாட்டைக் காட்டும்வரை இசைக்கு அங்கு வேலையில்லை. எழுத்து கைவிடும் இடத்தில் மட்டுமே இசை துணைக்கு வருகிறது. தற்கால ஆய்வும் இதற்கு மாறுபடவில்லை. தமிழின் எடுப்பொலி பற்றி எலினோர் கீன் 2006இல் வெளியிட்ட ஆய்வு, முதலசையின் உயிர் தன் தன்மையைக் காத்துக்கொள்வதையும் பிற அசைகளின் உயிர் நலிவதையும் விவாதிக்கிறது. பொருளைப் பிரிக்கும் சொல்லழுத்தம் தமிழில் இல்லை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து.

3. மோகனனின் விளக்கம்: ஏற்பும் எல்லையும்

மலையாளக் கூட்டுச்சொற்களைப் பற்றிய விளக்கங்களுள் மிகுதியாக விவாதிக்கப்பட்டது கே. பி. மோகனனுடையது. 1982இல் ஆய்வேடாகவும் 1986இல் நூலாகவும் வெளிவந்த அவரது சொல்லொலியியல் கோட்பாடு, கூட்டுச்சொற்களைச் சார்புக்கூட்டு, இணைக்கூட்டு என இரண்டாக்குகிறது. மேசையால் ஆன பெட்டிகள் என்னும் பொருளில் 'மேசப்பெட்டிகள்' எனப் பகரம் இரட்டிக்கிறது. மேசைகளும் பெட்டிகளும் என்னும் பொருளில் 'மேசபெட்டிகள்' என இரட்டிக்காமல் நிற்கிறது. தமிழ் மரபில் பயின்றவர்க்கு இது வேற்றுமைத்தொகை, உம்மைத்தொகை என்னும் பழைய பாகுபாடே. ஆயினும் அவ்விரண்டையும் சொல்லாக்கத்தின் வெவ்வேறு அடுக்குகளில் வைத்து, இரட்டிப்பையும் அழுத்தத்தையும் ஒரே கட்டமைப்பில் விளக்கியது மோகனனின் தனிப்பங்களிப்பு. சார்புக்கூட்டு முழுவதும் ஒரு முதன்மை அழுத்தத்தையே பெறும். இணைக்கூட்டில் ஒவ்வோர் உறுப்பும் தனி அழுத்தம் பெறும். ரிச்சர்டு ஸ்ப்ரோட் அதே 1986இல் அடுக்குகளைக் கைவிட்டு, இணைக்கூட்டின் உறுப்புகள் தனித்தனி ஒலியியற் சொற்கள் என்று கொண்டாலே போதும் என வாதிட்டார்.

அடுக்குகள் வேண்டுமா வேண்டாவா என்னும் இவ்விவாதத்தில் மற்றொன்று கவனம் பெறாமற் போயிற்று. மோகனனின் அழுத்தவிதி எளிமையானது: முதலசை குறிலாகவும் இரண்டாமசை நெடிலாகவும் இருப்பின் இரண்டாமசையில் அழுத்தம் விழும், ஏனைய இடங்களில் முதலசையில் விழும். இவ்விதி உயிரின் நீட்சியை மட்டுமே எண்ணுகிறது. மெய்யால் மூடப்பட்ட குறிலசையைத் திறந்த குறிலசையினின்று பிரிப்பதில்லை. சார்புக்கூட்டின் அடையாளமான இரட்டிப்போ முதற்சொல்லின் ஈற்றசையை மெய்யால் மூடுகிறது. ஆகவே கூட்டு நிகழ்ந்த இடத்தைக் காட்டும் ஒலி அழுத்தவிதியின் கண்ணுக்குப் புலப்படாத ஒலியாகும். மொத்தத்தில் எத்தனை சொற்கள் என்பதை அழுத்தம் கூறும். ஒரு சொல்லுக்குள் கூட்டு எங்கே நிகழ்ந்தது என்பதை அது கூறாது. அதைக் கூறுவது அசையின் எடையே. அசையெடையைக் கணக்கிட மரபு தந்த அளவு மாத்திரை.

4. எல்லை ஊர்ப்பெயர்கள்

4.1. இரட்டிக்கும் பெயர்கள்

பாலக்காடு என்னும் பெயர் பா-லக்-கா-டு என நான்கு அசைகளாகிறது. பாலைமரத்தோடோ பாலைநிலத்தோடோ இதனைத் தொடர்புபடுத்துவர். பாலைக்காடு எனத் தமிழில் எழுதினும், பாலக்காடு என எழுதினும், மலையாளத்தில் ஒலிப்பினும் அளவு மாறுவதில்லை. சொல்லிடையில் ஐகாரம் குறுகி ஒரு மாத்திரையாகும். இறுதியில் நிற்பது குற்றியலுகரம். மலையாளத்தின் ஈற்று உகரமும் அத்தகையதே. மூன்று வடிவத்திலும் ஆறு மாத்திரைகள் உள்ளன.

ஆங்கிலேயர் ஆவணங்களில் இப்பெயர் 'பால்காட்' ஆயிற்று. லகரத்தின் பின்னுள்ள அகரமும் இரட்டித்த ககரத்தின் ஒரு பாதியும் மறைந்தன. எஞ்சியது மலைக்கணவாயைக் குறிக்கும் 'காட்' என்ற சொல்லின் சாயலைப் பெற்றது. ஊரும் ஒரு கணவாயில் அமைந்திருப்பது இம்மயக்கத்திற்குத் துணைசெய்தது. ஆறு மாத்திரை ஐந்தாகக் குறைந்தபோது பெயரின் உட்பிரிப்பும் மாறிவிட்டது.

பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் செல்லும் நெடுஞ்சாலையில் கஞ்சிக்கோட்டை அடுத்துள்ளது புதுச்சேரி. மலையாளத்தில் சகரம் உரசொலியாக இரட்டித்து நிற்க, தமிழில் அது வல்லினமாக இரட்டிக்கிறது. மெய்யின் தன்மை வேறு, அளவு ஒன்றே. இதே பெயர் கொண்ட கடற்கரை நகரத்தின் வரலாறு இதனோடு ஒப்பிடத்தக்கது. பிரெஞ்சு வடிவத்தில் இரட்டிப்பு இல்லை. அழுத்தம் வழக்கம்போல் இறுதிக்குச் சென்றது. ஐரோப்பியர் வழிவந்த அவ்வடிவம் தமிழ் வழக்கில் 'பாண்டிச்சேரி' என ஒலித்தபோது சகரம் இரட்டித்தது. முதற்சொல் மாறினும், இரு சொற்களின் கூட்டாகக் கேட்ட தமிழ்ச்செவி கூட்டின் அடையாளத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

சித்தூர் மலையாளத்தில் 'சிற்றூர்' என்றே எழுதப்படுகிறது. சிறுமையும் ஊரும் சேர்ந்து ஒற்று இரட்டித்த பழைய தொகை அது. தமிழ்ப் பேச்சில் றகர இரட்டிப்பு தகர இரட்டிப்பாயிற்று. சிற்-றூர், சித்-தூர் என்னும் இரண்டிலும் முதலசை மூடியே உள்ளது. கொழிஞ்சாம்பாறை என்பதில் தமிழின் ஞ்ச மலையாளத்தில் ஞகர இரட்டிப்பாகிறது. ஈற்று ஐகாரம் அகரமாகிறது. இருப்பினும் கொ-ழிஞ்-சாம்-பா-றை என்ற ஐந்து அசைகளின் மூடலும் திறப்பும் இரு மொழியிலும் ஒத்துள்ளன. ஒலிகள் தத்தம் மொழியின் வழியில் மாற, எடையின் சட்டகம் மாறாது நிற்கிறது.

4.2. முல்லைப்பெரியாறு

இடுக்கி மாவட்டத்தின் பீருமேடு வட்டத்தில் உள்ள அணையின் பெயர் இவ்வாய்வுக்கு முதன்மையான சான்று. 1886இல் திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாண அரசுக்கும் குத்தகை உடன்படிக்கை ஏற்பட்டு, 1895இல் அணை செயற்பாட்டுக்கு வந்தது. முல்லையாறு, பெரியாறு என்னும் இரு ஆறுகளின் பெயரால் இது அமைந்தது என்பது பொதுவான விளக்கம். அவ்வாறாயின் இஃது உம்மைத்தொகை, பகரம் மிகலாகாது. ஆனால் தமிழர் 'முல்லைப்பெரியாறு' என்கின்றனர். மலையாளியரும் பகரத்தை இரட்டித்தே ஒலிக்கின்றனர். சொற்பிறப்பு எதுவாயினும், வழங்குவோர் மனத்தில் அது ஒரே பொருளின் ஒரே பெயர் என்பதை இரட்டிப்பு காட்டுகிறது. 'முல்லபெரியார்' என ஒற்றைப் பகரத்தோடு எழுதும் உரோமன் வடிவத்தில் அச்செய்தி இல்லை.

இப்பெயரின் இறுதி மற்றொரு சிக்கலுக்கு இடமளிக்கிறது. தமிழில் 'ஆறு' என உகர ஈறு பெறும் சொல் மலையாள ஊர்ப்பெயர்களிலும் ஆற்றுப்பெயர்களிலும் 'ஆர்' என ரகர மெய்யோடு முடிகிறது. வாளையாறு, சின்னாறு, வண்டிப்பெரியாறு ஆகிய யாவும் இவ்வகையின. மலையாள எழுத்தை ஒன்றுக்கு ஒன்றாகப் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர் 'பெரியார்' என எழுதுகின்றார். தமிழில் அது பெருமைக்குரியவரைச் சுட்டும் சொல். ஆறு மறைந்து ஆள் தோன்றுகிறார். தமிழ் அச்சு ஏடுகளில் வண்டிப்பெரியாறு, வண்டிப்பெரியார் என்னும் இரு வடிவங்களும் வழங்குகின்றன.

'ஆர்' என எழுதுவோர் மூலத்தின் ஒலிக்கு உண்மையாக இருப்பதாகக் கருதலாம். மாத்திரைக் கணக்கு இதனை ஏற்கவில்லை. 'ஆர்' என்பதில் நெடில் இரண்டும் மெய் அரையுமாக இரண்டரை மாத்திரை. 'ஆறு' என்பதில் நெடில் இரண்டும் குற்றியலுகரம் அரையுமாக அதே இரண்டரை. முழுப்பெயரும் இரு மொழியிலும் ஏழரை மாத்திரையே. ஆகவே 'முல்லைப்பெரியாறு' என எழுதுவதால் பொருளும் காக்கப்படுகிறது, ஒலியளவும் குறைவதில்லை.

4.3. புழையும் புழாவும்

மலையாளத்தில் குறில் அகரத்தில் முடியும் பெயர்கள் பல. தமிழில் பெயர்ச்சொல் குறில் அகரத்தில் முடிவது இயல்பன்று. அதற்கு நேரானது ஐகார ஈறு. புழை, சோலை, பாறை, மலை ஆகியவை இவ்வாறு இரு மொழிக்கும் பொதுவானவை. இருந்தும் மலம்புழை 'மலம்புழா' என்றும், உடும்பன்சோலை 'உடும்பன்சோலா' என்றும் எழுதப்படுவதுண்டு. உரோமன் எழுத்தின் ஈற்று அகரம் நெடிலாகப் படிக்கப்பட்டதன் விளைவு இது.

சொல்லிறுதியில் ஐகாரம் குறுகி ஒரு மாத்திரையாகிறது. மலையாள ஈற்று அகரமும் ஒரு மாத்திரையே. 'புழை' என்பது மூலத்தின் அளவோடு முற்றும் ஒத்தது. 'புழா' ஒரு மாத்திரை மிகுந்தது. அம்மிகை நிற்கும் இடமும் கருதத்தக்கது. மெலிந்து ஒலிக்கவேண்டிய ஈற்றசை நெடிலாகி, பிரெஞ்சுச் சொல்லைப்போல் இறுதியில் எடுப்புப் பெறுகிறது. இரு மொழிக்கும் உரியதல்லாத இவ்வோசை தமிழ் எழுத்தின் வழியாகவே தமிழர் வாயில் ஏறுகிறது.

5. இடர்ப்பாடுகள்

மேற்கூறிய முடிவுக்கு இணங்காத பெயர்களும் உள்ளன. பரம்பிக்குளத்தில் ககரம் இரட்டிக்கிறது, தேவிகுளத்தில் இரட்டிப்பதில்லை. இரண்டும் இகர ஈற்றின் முன் வந்த குளமே. மோகனன் மலையாளத்தில் திராவிடச் சொற்களையும் வடசொற்களையும் பிரித்தே இரட்டிப்பு விதியை வகுக்கிறார். தமிழிலும் வடசொல் நிலைமொழியாகும்போது வழக்கு உறுதியாக இல்லை. தேவிபட்டினம், தேவிப்பட்டினம் என்னும் இரு வடிவங்கள் கடற்கரை ஊர் ஒன்றுக்கு வழங்குவது காண்க. இரட்டிக்காதபோது தமிழ்ப் பேச்சில் ககரம் மெலிந்து ஒலிக்கிறது. குளம் என்ற தனிச்சொல்லின் வன்மை அங்கு இல்லை. இதனால் இரட்டிப்பின் மற்றொரு பணியும் தெளிவாகிறது. அது முன்னசையை மூடுவதோடு, வருமொழி முதலை மெலியவிடாமல் காக்கவும் செய்கிறது.

கல்பாத்தி அழுத்தவிதியைச் சோதிக்கும் பெயர். முதலசையின் உயிர் குறில். இரண்டாமசையின் உயிர் நெடில். மோகனனின் விதிப்படி மலையாளத்தில் அழுத்தம் 'பாத்' என்பதில் விழவேண்டும். தமிழில் முதலசையே எடுப்புடையது எனக் கொண்டால் 'கல்' எடுப்பாக ஒலிக்கும். அழுத்தம் இடம்பெயர்ந்தாலும் பெயர் ஒன்றாகவே உணரப்படுகிறது. லகரம் றகரமாகத் திரியாது நிற்பது தமிழ்ப் புணர்ச்சிக்கு விலக்கு என்பது உண்மையே. எனினும் அம்மெய் முதலசையை மூடிநிற்கும் பணி மாறவில்லை.

மூணாறு எஞ்சிய சிக்கல். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடும் இடம் அது. மலையாள வடிவம் மூன்-னார் என ஈரசையாக, முதலசை மூடி நிற்கிறது. தமிழ்ப் பேச்சுவடிவம் மூ-ணா-று என முதலசை திறந்து நிற்கிறது. சொல்லெல்லை 'ணா' என்னும் அசையின் உள்ளே மறைந்துவிட்டது. மூன்றாறு என்னும் எழுத்துவடிவம் மலையாள வடிவத்தோடு ஒத்து ஐந்து மாத்திரை பெற, பேச்சுவடிவம் நாலரையாகக் குறைகிறது. வருமொழி உயிரில் தொடங்கும்போது எடையின் சட்டகம் நெகிழக்கூடும் என்பதை இது காட்டுகிறது. மேலே நிறுவிய முடிவு வருமொழி மெய்யில் தொடங்கும் கூட்டுகளுக்கே முழுதும் பொருந்தும்.

6. மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்

இவற்றால் பெறப்படும் நடைமுறை நெறிகள் சில. முதலாவது, உரோமன் வடிவத்தைத் தமிழ் எழுத்தில் பெயர்ப்பது தவிர்க்கத்தக்கது. இரட்டிப்பையும் நெடில் குறில் வேறுபாட்டையும் அது மறைத்துவிடுகிறது. இரண்டாவது, மலையாள எழுத்தையும் உருவுக்கு உருவாகப் பெயர்த்தல் போதாது. அளவுக்கு அளவாகப் பெயர்க்க வேண்டும். மூன்றாவது, அளவு மட்டும் முடிவு செய்யாது. பொருளும் உடன் நிற்க வேண்டும். மண்ணார்க்காடு என்பதில் உள்ள 'ஆர்' பெயரின் இடையில் நிற்பது. அளவு ஒக்கும் என்பதற்காக அதனை 'ஆறு' ஆக்குதல் பொருந்தாது.

பீருமேடு இந்நெறிகளுக்கு நல்ல விளக்கம். பீர் முகம்மது என்னும் ஞானியின் பெயரோடு ஊர்வழக்கு இதனை இணைக்கிறது. ரகரத்துக்கும் மகரத்துக்கும் இடையே ஓர் உகரம் தோன்றி, பீ-ரு-மே-டு என அசைகள் திறந்து ஒலிக்கின்றன. உரோமன் வடிவத்தில் அவ்வுகரம் இல்லாமையால் படிப்பவர் அதை ஈரசையாக்கி, ஆங்கிலக் கூட்டுச்சொல்லைப்போல் முதற்பகுதியை அழுத்துகின்றார். தமிழில் உகரத்தோடு எழுதினாலே இப்பிழை நீங்கும்.

7. முடிவுரை

ஆங்கிலம் அழுத்தத்தால் கூட்டுப்பெயரைக் காட்டுகிறது. பிரெஞ்சில் அசை சொல்லெல்லையைக் கடக்க, அழுத்தம் தொடரின் இறுதிக்குச் செல்கிறது. தமிழும் மலையாளமும் அசையின் எடையால் கூட்டைக் காட்டுகின்றன. எல்லைப் பகுதியின் ஊர்ப்பெயர்களில் உயிர் திரிந்தாலும் மெய் திரிந்தாலும் அழுத்தம் இடம் மாறினாலும் பெரும்பாலும் மாறாது நிற்பது அந்த எடையே. மோகனனின் விளக்கம் இரட்டிப்பைத் துல்லியமாகக் கண்டது. அழுத்தத்தோடு அதனை ஒரே சட்டகத்தில் வைத்ததால் அசையெடையின் தனிப்பணியை முன்னிறுத்தவில்லை. தமிழ் மரபின் மாத்திரையும் புணர்ச்சியும் அக்குறையை நிறைவு செய்ய வல்லன.

இரு மொழியினரும் ஒரே அளவில் உச்சரிக்கும் பெயரை மூன்றாம் மொழியின் எழுத்துவழிச் சென்று திரித்து எழுதத் தேவையில்லை. பெயர்ப்பலகையிலும் மொழிபெயர்ப்பிலும் ஓர் ஒற்றைக் காப்பது அப்பெயரின் பொருளையும் அதை வழங்கும் மக்களின் செவியையும் காப்பதாகும்.